நோகாத கை

நான் உள்ளே போனபோது அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

கட்டிலில் பெரியவர். தலைமாட்டில் மூத்த மகன். கால்மாட்டில் இரண்டாவது மகன். சுவர்ப் பக்கம் மூன்றாவது மகன். இந்தப் பக்கம் மருமகன். கதவோடு சாய்ந்தபடி பெரியவரின் மனைவி. குசினி வாசலில், கையில் அகப்பையோடு, மகள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், கதிரையில், வாய் நிறைய வெற்றிலை. கடைசியாக நான். பஸ்ஸால் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, தோளில் பையோடு நிற்கிறேன்.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவன் குரல் கொடுத்தான்.

“ஒண்டு! ரெண்டு! மூண்டு! இழு!”

நாலு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். பெரியவர் கட்டிலை விட்டு ஒரு முழம் மேலே வந்தார். மூத்தவன் பிடித்திருந்தது அவருடைய வலக்கையை. மணிக்கட்டில் பிடித்து, கயிறு இழுப்பதுபோல் இழுத்தான்.

“பேயன்!” என்று பெரியவர் கத்தினார். “பேயன்! பேயன்!”

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலைக்காரரும் சிரித்தார். பெரியவரைக் கொண்டுபோய்ச் சாய்மனைக் கதிரையில் போட்டார்கள். மூத்தவன் கையைத் தட்டிக்கொண்டு அப்போதுதான் என்னைக் கண்டான்.

“நீங்களே அப்பாவைப் பார்க்க வந்த ஆள்?”

“ஓம்.”

“தூக்கிறதுக்கு நீங்கள் தேவையில்லை அண்ணை. நாங்கள் நாலு பேர் இருக்கிறம். கழுவிறது துடைக்கிறதை மட்டும் பாருங்கோ.”

“அந்தக் கையில ஏன் பிடிச்சனீங்கள்?”

“அது நோகாத கை அண்ணை. உணர்ச்சி இல்லை. இடக்கை நல்ல கை. அதில பிடிச்சு இழுத்தா அவருக்கு நோகுமெல்லே.”

இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. குடித்துவிட்டு இழுத்திருந்தால்கூட ஒரு கணக்கு. இவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு நோகக்கூடாது என்று நாலு பேரும் கூடிக் கதைத்து, ஏலாத கையாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

வீடு குச்சவெளிப் பக்கம், கரையோடு. பெரியவர் கரைவலைக்காரர். கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற தொழில். எத்தனை பேர் இழுத்தாலும் எண்ணிக்கை கொடுக்கிறவர் இவர்தான். இவர் எண்ணினால் கயிறு வரும். மகன்மார் அந்தக் கயிற்றில் வளர்ந்தவர்கள். பாரத்தைக் கண்டால் அவர்களுக்கு ஒரு வழிதான் தெரியும். பிடி. எண்ணு. இழு.

பாரிசவாதம் வந்து பெரியவருக்கு வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. பேயன் என்ற ஒரு சொல் மிஞ்சியது, முட்டாள் என்று ஏசுகிற சொல். எத்தனையோ சொல் இருக்க அது ஏன் மிஞ்சியது என்று தெரியாது.

“முந்தி வலையைக் கிழிச்சவனுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு,” என்றார் அவருடைய மனைவி. “இப்ப கோயில் ஐயருக்கும் சொல்லிப்போட்டார். விபூதி பூச வந்த மனுசன் அப்பிடியே திரும்பிப் போயிட்டார்.”

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இடுப்புப் போனது. பிறகு டவுனில் நோயாளர் பராமரிப்பு வகுப்பு ஒன்று நடந்தது, சேர்ந்தேன். அங்கே சொன்ன முதல் கதையே நோயாளியைத் தூக்காதே என்பதுதான். அவரால் ஏலுமானதை அவர் செய்யட்டும், மிச்சத்துக்கு மட்டும் நீ கை கொடு என்றார்கள். மூட்டை தூக்கினவனுக்கு அது தலைக்குள் ஏறக் கொஞ்சநாள் பிடித்தது. ஏறின பிறகு இறங்கவில்லை.

பெரியவரின் சட்டையைக் கழற்றினேன். முதலில் நல்ல கை, பிறகு ஏலாத கை. தோள் எலும்புக்குக் கீழே ஒரு குழி விழுந்திருந்தது. என் இரண்டு விரல் அதற்குள் போனது. கை மூட்டை விட்டுக் கீழே இறங்கித் தொங்குகிறது. முழங்கைக்குக் கீழே கை வைத்து மெல்லத் தாங்கினேன். பெரியவர் மூச்சு விட்டார். தாங்கின கையை எடுத்தேன். முகம் சுருங்கியது.

“பேயன்,” என்றார். சத்தம் இல்லாமல்.

“அது சும்மா அண்ணை,” என்றான் இரண்டாவது மகன். “சோறு குடுத்தாலும் பேயன்தான்.”

“சோறு குடுக்கேக்கையும் இப்ப கத்தின மாதிரிக் கத்துறவரோ?”

குசினி வாசலில் இருந்து மகள் சொன்னாள்.

“இல்லை. சோத்துக்கு மெல்லமாத்தான் சொல்லுவார். தூக்கேக்க மட்டும்தான் கத்துறது.”

வெற்றிலைக்காரர் எழும்பித் துப்ப வெளியே போனார். திரும்பி வரவில்லை.

“தோள் கழண்டு கிடக்குது,” என்றேன். “கை அசையாது. ஆனால் நோகும். நல்ல கையை விட நோகும். வீட்டுக்கு வந்த நாளில இருந்து இப்பிடியே இழுக்கிறியள்?”

மூத்தவனுக்கு முகம் கறுத்தது. இவ்வளவு நேரமும் நீங்கள் என்றவன் மாற்றினான்.

“எங்கட அப்பாவைத் தூக்க எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லவோ நீர் வந்தனீர்?”

“ஓம்.”

அவன் வெளியே போய்விட்டான். லொறி ஒன்று பின்னுக்கு வந்து மோதினதுபோல் சத்தம் கேட்டது. வாசல் படலையை அடித்துச் சாத்தியிருக்கிறான்.

அடுத்தநாள் வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேக்கு ட்ரொலியில் மாற்றவேண்டும். நான் இந்தப் பக்கம் நின்று விரிப்பைச் சுருட்டிப் பிடிக்கிறேன். அந்தப் பக்கம் அற்றெண்டன் வந்தார். நல்ல உடம்பு. வந்த வேகத்தில் அந்த வலக்கையை எட்டிப் பிடித்து இழுத்தார். என் வாயில் வந்ததை எழுத ஏலாது. பெரியவரே சொல்லிவிட்டார்.

“பேயன்!”

“ஆரைப் பேயன் எண்டுறார்?” என்றார் அற்றெண்டன்.

“உங்களைத்தான்,” என்றாள் மகள்.

டொக்டர் படத்தைப் பார்த்தார். மூட்டு இறங்கிவிட்டது, பிடித்து வைக்கத் தசைக்குப் பலம் இல்லை, முழுதாகப் பழையபடி வராது, இனி ஒருவரும் இழுக்கக்கூடாது, கதிரையில் இருக்கும்போது கையைத் தலையணையில் வையுங்கோ, எழும்பும்போது தோளோடு துணி கட்டுங்கோ என்றார். எல்லாம் சரியாகச் சொன்னார்.

“வீட்டுக்கு விடேக்க இதை ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர்,” என்றேன்.

அவர் வெளியே கைகாட்டினார். வாசல்வரை ஆட்கள். “பாருங்கோ. எத்தினை பேர். ஒவ்வொருத்தருக்கும் சொல்ல ஆர் இருக்கினம்?”

அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால் கோபம் குறையவில்லை, கூடியது. மருந்துக் குளிசை எப்போது போடுவது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மறுபடி எப்போது வருவது என்று சொல்கிறார்கள். கட்டிலில் இருந்து ஒரு மனுசனை எழுப்புவது எப்படி என்று காட்ட ஒரு ஆள் இல்லை. ஒரு தரம் காட்டினால் போதும். கொண்டுபோங்கோ என்று வாசலில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது வலை.

வானில் திரும்பி வரும்போது மகள் தகப்பனின் கையைத் தன் மடியில் தலையணை வைத்து ஏந்தியிருந்தாள். நிலாவெளி தாண்டும்வரை அழுதாள். நான் கடலைப் பார்த்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

விசயம் இதுதான். கடல் அடங்கியதும் மகன்மாரும் மருமகனும் வலையை லொறியில் ஏற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போய் வாடி அடிப்பார்கள். ஓலைக் கொட்டில்தான் வாடி. மாசக்கணக்கில் அங்கேதான். வீட்டில் இரண்டு பெண்கள். என்னையும் அதுவரைக்கும்தான் சம்பளத்துக்குப் பேசியிருந்தது. அதற்குள் பெரியவர் ஒரு ஆளின் துணையோடு எழும்பி நின்று கதிரைக்கு மாறப் பழகவேண்டும். பழகாவிட்டால் படுக்கைதான். படுத்தபடி சாப்பாடு, படுத்தபடி மலம், முதுகில் புண், நெஞ்சில் சளி. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடத் தேவை வராது.

இதை மூத்தவனிடம் முற்றத்தில் வைத்துச் சொன்னேன். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஊசியை நிறுத்தவில்லை.

“படத்தில கண்டனீங்களோ?” என்றான். மறுபடி நீங்கள்.

“ஓம். கண்டனான்.”

“எவ்வளவு இறங்கியிருக்கு?”

இரண்டு விரலைக் காட்டினேன். அவன் விரலைப் பார்த்தான். பிறகு வலையைப் பார்த்தான்.

வீட்டுக்காரர் இழுப்பதை விட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் விடவில்லை. எங்கள் ஊர்களில் நோயாளியைப் பார்க்கப் போனால் கையைப் பிடிக்காமல் வரமாட்டார்கள். பிடித்தால் வலக்கைதான். இடக்கையைப் பிடிப்பது மரியாதை இல்லை. வருகிறவர் குனிவார், அந்தக் கையை எடுப்பார், தன் நெஞ்சில் வைப்பார், “அண்ணை, எப்பிடி இருந்த மனுசன்!” என்று குலுக்குவார். நான் பாய்ந்து போவதற்குள் இழுத்து முடிந்திருக்கும்.

“பிடியாதேங்கோ!” என்றால் கோபிக்கிறார்கள். “நாங்கள் என்ன, சொறி பிடிச்ச ஆக்களே?” என்று ஒரு மனுசி கேட்டுவிட்டுப் படி இறங்கினா. கொண்டுவந்த பிஸ்கட்டையும் கொண்டுபோய்விட்டா.

மகளுக்கு ஒரு யோசனை வந்தது. கடலில் வலை கிடக்கும் இடத்தில் தடியில் சிவப்புத் துணி கட்டி மிதக்க விடுவார்கள். கண்ட படகு சுற்றிப் போகும். அவள் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துத் தகப்பனின் வலக்கையில் கட்டினாள். கடற்கரைச் சனம்தானே, விளங்கும் என்றாள். நானும் நம்பினேன்.

அடுத்து வந்தவ ஒரு கிழவி. துணியைக் கண்டதும் கும்பிட்டா. கோயிலில் நேர்ந்து கட்டினது என்று நினைத்துவிட்டா. கையை இரண்டு கையாலும் தூக்கித் தன் கண்ணில் ஒற்றினா. பிறகு தன்னோடு வந்தவளையும் கூப்பிட்டு ஒற்றச் சொன்னா.

“பேயன்! பேயன்!”

“சாமி வந்திட்டுது,” என்றா கிழவி.

நான் துணியை அவிழ்த்து எறிந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பின்னேரம் மூத்தவன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலின் வலப்பக்கம் போட்டான். வலை, ஊசி, நூல் எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு இருந்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவனைத் தாண்டித்தான் அந்தக் கையைத் தொடவேண்டும்.

“வலை கிடக்குது,” என்பான் நிமிராமல். “சுத்திப் போங்கோ.”

சுற்றிப் போனார்கள்.

வேலை தொடங்கியது. முதலில் கட்டிலில் நிமிர்ந்து இருக்கப் பழக்கினேன். பெரியவர் இருந்தால் வலப்பக்கம் சாய்ந்துவிடுவார். பிடித்து நிமிர்த்த மாட்டேன். அவருடைய நல்ல கையைக் கட்டில் விளிம்பில் வைத்து, “ஐயா, நீங்களே வாங்கோ,” என்பேன். வருவார். விழுவார். வருவார். மகளுக்குச் சட்டை போடக் காட்டினேன். போடும்போது முதலில் ஏலாத கை. கழற்றும்போது முதலில் நல்ல கை. அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

நிற்க வைப்பதைப் பெரியவரின் மனைவிக்குத்தான் பழக்கவேண்டும். மகளுக்குச் சின்னப் பிள்ளைகள், அவள் எப்போதும் நிற்க மாட்டாள். அம்மா சின்ன ஆள். அவருடைய தலை புருசனின் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வரும்.

“என்னால ஏலாது தம்பி. நாலு பேர் தூக்கின ஆள்.”

“நீங்கள் தூக்கத் தேவையில்லை அம்மா. அவர்தான் எழும்பப் போறார்.”

உடுக்கிற சாரம் ஒன்றை நீளமாக மடித்துப் பெரியவரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். பிடிக்கிற இடம் அது. கை அல்ல. அக்குள் அல்ல. வலக்கையைத் தோளோடு துணியில் ஏந்தினேன். கால் இரண்டையும் பின்னுக்கு இழுத்து நிலத்தில் பதிக்க வைத்தேன். அவருடைய ஏலாத முழங்காலுக்கு முன்னால் அம்மாவின் முழங்காலை முட்டுக் கொடுக்கச் சொன்னேன். மடங்காமல் அது தடுக்கும். பிறகு அவர் முன்னுக்குக் குனியவேண்டும். மூக்கு முழங்காலைத் தாண்டி வரவேண்டும். வந்தால் பின்பக்கம் தானாகக் கிளம்பும்.

“இடுப்பில பிடியுங்கோ அம்மா.”

“பிள்ளையளுக்கு முன்னாலயோ?”

“ஓம்.”

“கலியாணப் பந்தலிலேயே இந்த மனுசன் என்னை நிமிர்ந்து பார்க்கேல்லை,” என்றார். ஆனால் பிடித்தார்.

நான் எண்ணினேன். “ஒண்டு. ரெண்டு. மூண்டு.” மூன்றுக்குப் பெரியவர் பின்னுக்குச் சாய்ந்தார். ஒவ்வொரு தரமும் அப்படித்தான். எனக்குப் பிறகுதான் விளங்கியது. கரையில் மூன்றுக்குப் பிறகு இழு. இழுக்கிறவன் பின்னுக்குத்தான் சாய்வான். உடம்பு அதை மறக்கவில்லை. எழும்பவேண்டிய நேரத்தில் அவர் வலை இழுக்கிறார்.

எண்ணுவதை விடவும் ஏலாது. அவருக்கு வேறு ஒரு பேச்சும் உள்ளே போவதில்லை. நான் எண்ணும்போது மட்டும் அவருடைய உதடு கூட அசையும். சத்தம் வராது. அதனால் எண்ணினேன். எண்ணும்போது அவருக்கு முன்னால் குந்தி இருந்து, என் கையை என் பக்கம் காட்டினேன். இங்கே. முன்னுக்கு. என்னட்டை. சில நாள் வந்தார். சில நாள் பேயன் என்றார். ஒரு நாள் பின்பக்கம் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பித் திரும்ப விழுந்தது. அம்மா சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார் என்று மகள் சொன்னாள். அம்மா மறைத்ததில் எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை.

கடல் அடங்கியது. நாங்கள் நினைத்ததைவிட முந்தியே அடங்கியது. அதற்கும் யாரிடம் கோபிப்பது?

லொறி வந்த காலை. வலை ஏறிவிட்டது. படலைக்கு வெளியே எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது. சாரதி ஹோன் அடிக்கிறான். மகன்மார் மூன்று பேரும் மருமகனும் உள்ளே வந்தார்கள். பெரியவர் கட்டில் விளிம்பில் இருந்தார். சாய்மனைக் கதிரையை ஜன்னலோடு போட்டிருந்தோம், லொறி தெரியட்டும் என்று. அவர் அதற்கு மாறவேண்டும்.

“நேரம் போகுது,” என்றான் மூத்தவன். “இண்டைக்கு ஒருக்கா மட்டும் தூக்கி வைப்பம். கையைத் தொட மாட்டம் அண்ணை. சத்தியமா.”

நாலு பேரும் கிட்ட வந்துவிட்டார்கள். இத்தனை நாள் வலப்பக்கம் காவல் இருந்தவன் அவன்தான். ஹோன் சத்தத்துக்குப் பழையபடி வலைக்காரன் ஆகிவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா நடுவில் வந்து நின்றார்.

“எடடா கையை.”

“அம்மா, லொறி…”

“நீங்கள் ஏறிப் போயிடுவியள். நாளைக்கு ஆரடா தூக்கிறது? லொறிக்காரனோ?”

மூத்தவன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் சாரத்தையே பிடித்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் சுவரோடு போய் நின்றார்கள்.

அம்மா குனிந்து புருசனின் இடுப்புத் துணியைப் பிடித்தார். முழங்காலை முட்டுக் கொடுத்தார். நான் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. துணியில் தொங்கிய அந்தக் கைதான் எனக்கு முன்னால் இருந்தது. விரல் வீங்கி, நிறம் மாறி. அது இனி மேலே ஏறாது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆள் நின்று ஒரு தரம் காட்டியிருந்தால் அது இப்படித் தொங்காது. அன்றைக்கும் அதைத்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போதும் அதுதான். யாரும் வந்து எனக்குச் சமாதானம் சொல்லத் தேவையில்லை.

எண்ணுவதற்கு நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்டு,” என்றது ஒரு குரல்.

மகன்மாரின் குரல் என்று நினைத்தேன். கரகரத்த குரல். மூத்தவன் தலையை நிமிர்த்தினான்.

“ரெண்டு.”

பெரியவர். எங்களை ஒருவரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கால் லொறியில் கிடந்த வலையைப் பார்க்கிறார்.

“மூண்டு.”

அடுத்தது இழு வரவேண்டும். நான் கையை நீட்டினேன், பின்னுக்குச் சாய்ந்தால் பிடிக்க. அந்த நாலு பேருடைய தோளும் பின்னுக்குப் போனது, கயிறு கையில் இருப்பதுபோல். பெரியவர் முன்னுக்குக் குனிந்தார். மூக்கு முழங்காலைத் தாண்டியது. பின்பக்கம் கட்டிலை விட்டுக் கிளம்பியது.

“நாலு,” என்றார்.

நின்றார். அம்மாவின் தலை அவருடைய நெஞ்சில் முட்டியது. இடுப்புத் துணியை அம்மா பிடித்திருந்தார், இழுக்கவில்லை. வெளியே ஹோன் அடித்தது. மருமகன் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னான். பெரியவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. அவருடைய நல்ல கால் நடுங்கியது. எண்ணினார். மகள் குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எண்ணினார். மூத்தவன் சாரத்தைப் பிடித்த பிடியை விடாமல் உதட்டால் கூடவே எண்ணினான்.

நடுக்கம் கூடியதும் அம்மா அவரை மெல்லத் திருப்பிக் கதிரையில் இருத்தினார். அவர் அமர்ந்தபோது எண்ணி நிறுத்தியது:

பத்தொம்பது.